மீனுக்கு அம்மை குத்திய கதை

எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம் பெரியவர்கள் 'தடுப்பூசி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அம்மை குத்தறது' என்பார்கள். பெரியம்மை ஒழிந்து எத்தனையோ வருசம் ஆகியும் சொல் மட்டும் நின்றுவிட்டது. என் மகளுக்கு இங்கே நார்வேயில் முதல் ஊசி போட்ட அன்று ஆத்தாவுக்குப் போன் செய்தால், முதல் கேள்வியே "கொழந்தைக்கு அம்மை குத்தியாச்சா?" என்பதுதான்.

அந்த ஆத்தாவிடம் போய், இந்த ஊரில் மீனுக்கும் அம்மை குத்துகிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நெசமாவா கண்ணு? ஒவ்வொரு மீனுக்குமா?" என்றார். ஆமாம், ஒவ்வொரு மீனுக்கும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சித்தப்பா மகன். கொரோனா காலத்தில் கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அப்போது கேரளத்தில் 'சுபிக்ஷ கேரளம்' என்று ஒரு திட்டம் வந்து, வீட்டுக்கு வீடு படுதாக்குளம் வெட்டிக் கொண்டிருந்தார்கள். இவன் இருபது சென்ட் மண்குளமே வெட்டினான். கூட்டுறவு வங்கியில் கடன். கட்லா, ரோகு ஆயிரத்து ஐந்நூறு குஞ்சு. முதல் வருசம் நன்றாகவே போனது. இரண்டாம் வருசம் ஒருநாள் காலையில் போன். இங்கே விடிவதற்கு முன்னால்.

"அண்ணா, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குதுங்ணா. வயிறு ஊதிக் கெடக்குது. செதிலுக்கடியில ரத்தம் கட்டுன மாதிரி செவப்பா இருக்குதுங்ணா."

நான் பி.காம். படித்தவன். இருபது வருசமாக வங்கி வேலை. எனக்கு மீனைப் பற்றித் தெரிந்தது, அதை வளர்ப்பவன் கடனைத் திருப்பிக் கட்டுவானா மாட்டானா என்பது மட்டுமே. மீன்துறை ஆபீசில் காட்டச் சொன்னேன். அதற்குள் தீவனக் கடைக்காரர் ஒரு மஞ்சள் பொடியைக் கொடுத்து, தீவனத்தில் கலந்து பத்து நாள் போடு என்று சொல்லிவிட்டார். ஆன்டிபயாடிக். எந்த நோய் என்று தெரிவதற்கு முன்பே மருந்து. பத்து நாளில் பாதி மீன் போனது. மருந்துக் காசும் போனது. பின்னால் வந்த பரிசோதனை முடிவில் 'ஏரோமோனாஸ்' என்ற பாக்டீரியா என்று இருந்தது.

"உங்க ஊர்ல மீனுக்கு ஊசி போடறாங்கன்னு சொன்னீங்களே, அது இங்க கெடைக்காதாங்ணா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் கடந்த சில மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மீனோடு போயின. வீட்டம்மாவுக்குக் கோபம் :-)

முதலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் இருப்பது ட்ரோன்ட்ஹெய்ம். இங்கிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் ஹித்ரா என்று ஒரு தீவு. 1994-இல் கடலுக்கு அடியில் ஐந்தரைக் கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டுத் தீவை நிலத்தோடு இணைத்துவிட்டார்கள். கடன் விண்ணப்பம் ஒன்றுக்காக வங்கியிலிருந்து மூன்று பேர் ஒரு சால்மன் குஞ்சுப் பண்ணையைப் பார்க்கப் போயிருந்தோம். பண்ணை என்றால் நம் ஊர்க் குளம் மாதிரி நினைக்காதீர்கள். பெரிய கொட்டகை, அதற்குள் வட்டத் தொட்டிகள், தரையெல்லாம் ஈரம், உள்ளே நுழையுமுன் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கவேண்டும்.

அன்று ஊசி போடும் நாள். குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விடுகிறார்கள். ஒரு நிமிசம் போல ஆனதும் மல்லாந்துவிடுகின்றன. மேசையில் வந்து விழுபவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றின் நடுக்கோட்டில், இடுப்புத் துடுப்புக்குச் சற்று முன்னால், ஊசித் துப்பாக்கியை வைத்து ஒரு அழுத்து. 0.1 மில்லி, சில மருந்துகளில் அதிலும் பாதி. மீன் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விடுகிறது. சிறிது நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல நீந்துகிறது. கை தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போட்டுவிடுவார்களாம். பெரிய பண்ணைகளில் இப்போது இயந்திரமே இந்த வேலையைச் செய்கிறது.

ஊசி போடுபவர்கள் கையில் தடித்த உறை, விரலுக்குப் பாதுகாப்பு. ஏனென்றால் மருந்து எண்ணெயில் குழைத்தது. தப்பித் தவறி சொந்த விரலில் ஏறிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இரண்டாம் முறை ஏறினால் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தார்கள்.

அந்த எண்ணெய்தான் சூட்சுமம். உள்ளே இருப்பது ஃபார்மலின் போட்டுக் கொன்ற பாக்டீரியா. வெறுமனே உள்ளே விட்டால் உடல் சீக்கிரம் துடைத்துவிட்டு மறந்துவிடும். எண்ணெயோடு போனால் வயிற்றுக்குள் சின்னச் சேமிப்பு போலத் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து, உடலுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொண்டே இருக்கும். மீனுக்கு நம்மைப் போல எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உண்டாகும் ஏற்பாடு கிடையாது. தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதியும் மண்ணீரலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நோய் எதிர்ப்பு வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அந்த அம்மையார் "ஐந்நூறு" என்றார். ஐந்நூறு நாளா என்று திகைத்துவிட்டேன். இல்லை, நாளையும் தண்ணீரின் வெப்பநிலையையும் பெருக்கி வரும் தொகை ஐந்நூறு ஆகவேண்டுமாம். தண்ணீர் 10 பாகையில் இருந்தால் 50 நாள். 5 பாகை என்றால் 100 நாள். மீன் குளிர்ந்த இரத்தப் பிராணி, தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் உடம்பின் வேகம்.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். நிலுவையை நாளால் பெருக்கிக் கூட்டி வட்டி போடுவோமே, அதே கணக்கு! அன்று முழுவதும் எனக்கு அதிலேயே ஒரு சந்தோசம்.

*

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

மீன்களுக்கு வரும் 'ஃபுருங்குலோசிஸ்' என்ற கட்டி நோயை முதலில் விவரித்தவர்கள் ஜெர்மனியில் எம்மெரிக், வைபெல் என்ற இருவர், 1894-இல். ட்ரவுட் குஞ்சுப் பண்ணை ஒன்றில் பார்த்தது. இந்த ட்ரவுட் நமக்கும் அந்நியமில்லை. கொச்சியில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1860-களிலேயே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றவர். பிறகு 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். மூணாறு ஓடைகளுக்கும் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க ட்ரவுட் வந்து சேர்ந்தது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மூணாறுக்குத் தோட்ட வேலைக்குப் போன குடும்பத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தாத்தா பாட்டி சொன்ன 'துரை மீன்' கதை ஞாபகம் வரலாம்.

(ஒரு கொசுறு. 1907-இல் சென்னை மாகாணத்து மீன்வளத் துறை உருவாகக் காரணமானவர் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன். இதே மனிதர்தான் 1890-களில் விவசாயிகளுக்கான வங்கிகள் பற்றி இரண்டு தொகுதி அறிக்கை எழுதி, இந்தியக் கூட்டுறவுக் கடன் இயக்கத்துக்கு வித்திட்டவர். கடனும் மீனும் ஒரே ஆள் கையில்! தம்பியின் குளத்துக்கும் அதற்குக் கிடைத்த கடனுக்கும் ஒரே பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

தடுப்பூசிக் கதையில் முதல் மீன் எது தெரியுமா? சால்மன் இல்லை. கெண்டை. போலந்தில் ஸ்டானிஸ்லாஸ் ஸ்னியெஸ்கோ என்பவரும் கூட்டாளிகளும் 1938-இல், ஏரோமோனாஸ் பாக்டீரியாவைக் கொண்டு கெண்டை மீன்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஊட்ட முடியும் என்று எழுதினார்கள். தம்பியின் குளத்தில் வந்த அதே ஏரோமோனாஸ் குடும்பம். ஆக, உலகத்தில் முதலில் தடுப்பு மருந்து சோதித்துப் பார்த்தது நம்மவர்கள் வளர்க்கும் கெண்டை வகையிலேயே, நம் குளங்களைக் கெடுக்கும் கிருமி வகைக்கே. இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிசம் வயிற்றெரிச்சலாக இருந்தது. 1938!

அடுத்த வருசம் போர் வந்தது. ஸ்னியெஸ்கோ அமெரிக்கா போய்விட்டார். அங்கே மேற்கு வர்ஜீனியாவில் லீடவுன் என்ற இடத்தில் மீன் நோய் ஆய்வகத்தை நடத்திப் பெரிய பெயர் எடுத்தார். 1942-இல் கனடாவில் டஃப் என்பவர், குளோரோஃபார்மில் கொன்ற பாக்டீரியாவைத் தீவனத்தில் கலந்து ட்ரவுட்டுக்குக் கொடுத்து, கட்டி நோயைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஊசிகூட வேண்டாம், தின்றாலே போதும் என்றால் எவ்வளவு பெரிய விசயம்?

ஆனால் அது அலமாரிக்குப் போய்விட்டது. காரணம் சல்ஃபா மாத்திரையும் அதன்பின் வந்த ஆன்டிபயாடிக்குகளும். 1940-களின் நடுவிலேயே அமெரிக்க ட்ரவுட் பண்ணைகளில் சல்ஃபா கலந்த தீவனம் போட ஆரம்பித்துவிட்டார்கள். போட்டால் நாலு நாளில் சாவு நிற்கிறது. விலையும் மலிவு. மாதக்கணக்கில் காத்திருந்து பலன் தரும் தடுப்பு மருந்து யாருக்கு வேண்டும்? முப்பது வருசத்துக்கு மேல் இந்தத் துறை தூங்கியது. கடன்காரர்களிடம் நான் தினமும் பார்ப்பது இதுதான். காப்பீட்டுத் தவணை கட்டச் சொன்னால் கசக்கும். வெள்ளம் வந்தபிறகு அதிக வட்டிக்குக் கடன் வாங்கக் கசக்காது.

விழிப்பு வந்தது 1970-களில். பழைய மருந்துகள் பிடிக்காமல் போயின. ட்ரவுட் பண்ணைகள் நெருங்கி நிற்கும் இடாஹோ மாநிலத்தில் வாய் சிவந்து சாகும் ஒரு நோய். அதற்கான தடுப்பு மருந்துக்கு 1976-இல் அமெரிக்க அரசு உரிமம் கொடுத்தது. வணிகமாக விற்கப்பட்ட முதல் மீன் தடுப்பு மருந்து அதுதான். ஊசி இல்லை. மருந்து கலந்த தண்ணீரில் குஞ்சுகளைச் சிறிது நேரம் முக்கி எடுத்தால் போதும், செவுளும் தோலும் உறிஞ்சிக்கொள்ளும்.

இனி நார்வே. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1970-இல் அந்த ஹித்ரா தீவில் க்ரோன்ட்வெட் என்ற சகோதரர்கள் இருவர் சால்மன் குஞ்சுகளைக் கடலில் வலைக் கூண்டுக்குள் விட்டு வளர்த்துக் காட்டினார்கள். நார்வேயின் சால்மன் தொழில் அதிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம். மீன்பிடி போக வழியில்லாத கிராமங்களெல்லாம் கூண்டு போட்டன. பத்தே வருசம். 1970-களின் கடைசியில் அதே ஹித்ராவைச் சுற்றிக் குளிர்காலத்தில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தீவின் பெயரே நோய்க்கு வந்துவிட்டது: ஹித்ரா நோய். தீவனக் குறைபாடா, கிருமியா என்று வெகுநாள் வாதம் நடந்தது. கடைசியில் 1986-இல் பெர்கன் கடல் ஆய்வு நிலையத்தின் எம்மி எகிடியுஸும் கூட்டாளிகளும் இதற்குக் காரணமான புது விப்ரியோ பாக்டீரியாவை வகைப்படுத்திப் பெயர் வைத்தார்கள். அதன்பின் தடுப்பு மருந்து விரைவில் வந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1985-இல் ஸ்காட்லாந்திலிருந்து இறக்குமதியான குஞ்சுகளோடு பழைய கட்டி நோய் நூர்-ட்ரொன்டலாக் பகுதிக்குள் நுழைந்திருந்தது. குஞ்சுப் பற்றாக்குறை, அதனால் இறக்குமதி. 1990-களின் தொடக்கத்துக்குள் 500-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் பரவிவிட்டது. ஆறுகளில் இருந்த காட்டு சால்மனையும் விடவில்லை.

இவர்களும் அப்போது எங்கள் தீவனக் கடைக்காரர் செய்ததையேதான் செய்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் பிறவியிலேயே ஒழுங்கு என்று நினைக்கும் நம்மவர்களுக்காக இது. 1987-இல் நார்வே மீன் பண்ணைகளில் போட்ட ஆன்டிபயாடிக் கிட்டத்தட்ட 50 டன். அந்த வருசத்து மொத்த மீன் உற்பத்தி 50,000 டன் அளவுதான். அதாவது ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ ஆன்டிபயாடிக்! தொட்டியில் தண்ணீர் விடுவது போலக் கொட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் கணவர் 1980-களின் கடைசியில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நார்வே வந்த ஈழத்தமிழர் பலருக்கும் முதல் சம்பளம் மீன் வெட்டித்தான். அக்கா சொன்னார்: "தம்பி, அந்த நேரம் நாங்கள் வளர்ப்பு மீனைச் சமைக்கிறேல்லை. மருந்து மீன் எண்டு சொல்லுவினம். கடல் மீன்தான் வாங்குவம்." பொதுமக்களுக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது. (தமிழருக்கும் நார்வே மீனுக்கும் உறவு அதற்கும் முந்தியது. 1956-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த அந்தோனி ராஜேந்திரம், மீன்பிடித் தொழிலைக் கற்றுக்கொண்டு, பின்னால் காரைநகரில் 'சீநோர்' என்ற படகு, வலைத் தொழில் அமைப்பை உருவாக்கினார். அதற்குத் தனிப் பதிவே போடவேண்டும்.)

1991-இல் இன்னொரு அடி. உற்பத்தி மிதமிஞ்சி, விலை விழுந்து, மீன் வளர்ப்போரின் விற்பனைக் கூட்டமைப்பே திவாலானது. நார்வே வங்கிகளுக்கும் அது நெருக்கடிக் காலம். என் வங்கியில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒருவர், அந்த வருசங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான், 1992-93 வாக்கில், எண்ணெயில் குழைத்த ஊசி மருந்து வந்தது. முக்கி எடுக்கும் மருந்து கட்டி நோய்க்கு எடுபடவில்லை. ஊசி எடுபட்டது. ஒரே ஊசியில் கட்டி நோய், ஹித்ரா நோய், விப்ரியோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆன்டிபயாடிக் அளவு 1994-இல் சுமார் ஒன்றரை டன்னுக்கு வந்துவிட்டது. ஐம்பதிலிருந்து ஒன்றரை. ஏழே வருசம். அதற்குள் உற்பத்தி பல மடங்கு ஏறியும் இருந்தது. இன்று 15 லட்சம் டன் அளவுக்கு சால்மன் வளர்க்கிறார்கள்; கடந்த பத்தாண்டுகளில் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வருசத்துக்குச் சில நூறு கிலோதான். இப்படி ஒரு இருப்புநிலைக் குறிப்பு என் மேசைக்கு வந்தால் முதலில் தணிக்கையாளரைத்தான் சந்தேகப்படுவேன்.

ஊசி மட்டுமே செய்த அற்புதமா? இல்லை. கால்நடை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது, ஒவ்வொரு சீட்டுக்கும் அரசிடம் கணக்கு. ஒரு இடத்தில் ஒரே வயது மீன் மட்டும். அறுவடை முடிந்தால் அந்த இடத்தைக் கொஞ்ச காலம் தரிசாகப் போடவேண்டும். நம் பாட்டன்மார் வயலுக்குச் செய்தது. இவையும் சேர்ந்துதான் வேலை செய்தன.

ஊசிக்கும் விலை உண்டு. ஆரம்ப கால மருந்துகள் மீன் வயிற்றுக்குள் அழற்சி உண்டாக்கி, குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சதையில் கறுப்புத் திட்டு விழுந்தது. பிறகு அளவைக் குறைத்து, எண்ணெயை மாற்றிச் சரிசெய்தார்கள். பாக்டீரியா அடங்கியதும் வைரஸும் கடல் பேனும் முன்னுக்கு வந்தன. 2023-இல் மட்டும் நார்வேயின் கடல் கூண்டுகளில் 6 கோடிக்கு மேல் சால்மன் செத்திருக்கின்றன. அதனால் இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. சிலியைப் பாருங்கள். அதே சால்மன், அதே வகை ஊசிகள். ஆனால் அங்கே இருக்கும் ஒரு பாக்டீரியா மீனின் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. 2014-இல் அந்நாடு போட்ட ஆன்டிபயாடிக் 560 டன்னுக்கு மேல்.

*

இப்போது நம் ஊர்.

இந்தியாவில் மீனுக்கு ஊசி என்பது புதிதே அல்ல. 1957 ஜூலை 10-ஆம் தேதி, ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில், ஹீராலால் சௌதுரியும் கேரளத்துக்காரரான கே.எச். அலிக்குஞ்ஞியும் கெண்டை இனங்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி, குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அதுவரை குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் போய் அரித்து எடுக்கவேண்டும். இன்று இந்தியா மீன் வளர்ப்பில் சீனாவுக்கு அடுத்து நிற்பதற்கு அந்த ஊசியே அடிப்படை. ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவதும் அதனால்தான். இனப்பெருக்கத்துக்கு ஊசி அப்போதே வந்துவிட்டது. நோய்க்கு வரவில்லை.

ஏன் என்று யோசிக்கும்போது என் சின்ன வயது ஞாபகம் ஒன்று குறுக்கே வருகிறது. 1991-ஓ 92-ஓ. ஆறாம் வகுப்பு. ஏரியில் வரால் மீன்கள் உடம்பெல்லாம் குழிப்புண்ணோடு மிதந்தன. சதை அழுகி எலும்பு தெரியும். சித்தூர் வட்டாரக் கள்ளுக்கடைகளில் வரால் கறி அடியோடு நின்றுபோனது. எங்கள் அப்பாரு, "மீனுக்கு அம்மை வந்திருக்குது, ஆரும் திங்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. சாவக்காட்டிலிருந்து வரும் மத்தியைக்கூட எங்கள் வீட்டில் பல வாரம் வாங்கவில்லை. கடல் மீனுக்கும் ஏரி நோய்க்கும் என்ன சம்பந்தம்? பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மீன்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து, அடித்துக்கொண்டே போவார். ஐஸ் உருகி பெட்டியிலிருந்து சொட்டுவது மட்டும் ரோட்டில் கோடாக இருக்கும். கேரளம் முழுவதும் அப்போது இதே கதைதான் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் புண் நோய் தென்கிழக்கு ஆசியா வழியாகப் பரவி, 1987-இல் இலங்கை, 1988-இல் இந்தியாவின் வடகிழக்கு என்று வந்து, 1991-இல் கேரளம் சேர்ந்தது. புண்ணைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஏரோமோனாஸ் கிடைத்தது. ஆகவே அதுதான் குற்றவாளி என்று பலரும் எழுதினார்கள். வைரஸ் என்று சிலர். 1990-களின் நடுவில்தான் உண்மை தெளிந்தது. குற்றவாளி 'அஃபனோமைசஸ்' என்ற பூஞ்சை போன்ற உயிர். ஏரோமோனாஸ் புண் திறந்தபின் உள்ளே நுழைந்த திருடன் மட்டுமே. அந்த நேரத்தில் ஏரோமோனாஸுக்குத் தடுப்பூசி செய்து வரால் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தாலும் ஒரு பயனும் இருந்திருக்காது. தம்பியின் குளத்தில் நடந்தது வேறு. அங்கே ஏரோமோனாஸ் நேராகவே வேலை காட்டியது. வெளியே பார்த்தால் இரண்டும் சிவப்புப் புண்தான். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து வாங்காதே என்று அவனிடம் கத்தியதற்கு இதுவே காரணம்.

நம் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 1990-களிலேயே மங்களூர் மீன்வளக் கல்லூரியில் கே.எம். சங்கரும் கூட்டாளிகளும் அழகான ஒரு வேலை செய்தார்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டின் துணுக்குகளின் மேல் ஏரோமோனாஸ் பாக்டீரியாவைப் பாசி படிவது போலப் படலமாக வளர்த்து, அதைக் கொன்று, தீவனத்தில் கலந்து கெண்டைக்குக் கொடுத்தார்கள். தின்னக் கொடுக்கும் மருந்தில் உள்ள சிக்கல், குடலில் செரித்து வீணாகிவிடுவது. படலமாக வளரும் பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசை போல ஒரு உறை கட்டிக்கொள்கிறது. அது செரிமானத்திலிருந்து காக்கிறது. கூடவே ஒரு வசதி: கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. அமிலத் தொல்லை இல்லை. (எனக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருசம் கெண்டை தின்றிருக்கிறேன்.)

2022-இல் ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம், புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து ஏரோமோனாஸ் தடுப்பு மருந்தை வணிகத்துக்குக் கொண்டுவர ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் மும்பை மீன்வளக் கல்வி நிறுவனத்தோடு வேறு இரண்டு பாக்டீரியா நோய்களுக்கு. 1982-இல் தேசிய பால்வள வாரியம் தொடங்கிய நிறுவனம் இது. மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறவர்கள் மீன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 1938-க்கும் 2022-க்கும் இடையே 84 வருசம்.

தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை என்றே நினைக்கிறேன். கணக்கு. நாலைந்து கிலோ சால்மன் விற்கும் விலையில் ஊசிச் செலவு சில்லறை. கட்லாவுக்கு அப்படி இல்லை. சால்மன் ஒரே இனம், ஒரே வயது, கொட்டகைக்குள். நம் குளத்தில் மூன்று இனம், மழைத்தண்ணீர், பக்கத்து வயல் தண்ணீர், அதில் எருமையும் குளிக்கும். ஆழியாறு தண்ணீர் மூலத்தரையில் திறந்தால்தான் குளமே நிறையும். அது என்றைக்கு என்று இரண்டு மாநில அரசுகளுக்கே தெரியாது. ஐந்நூறு பாகைக் கணக்கை வைத்து நாள் குறிக்கும் இடமா அது? விலை குறைந்த மீனுக்கு ஊசி போடவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. நாம் 'ஆசாம் வாளை' என்று வாங்கும் பங்காசியஸ் மீனுக்கு வியட்நாமில் 2013-இலேயே ஊசி மருந்து உரிமம் பெற்றது. அவர்களுக்கு ஏற்றுமதி நெருக்கடி. மருந்து மிச்சம் தெரிந்தால் சரக்கு திரும்பிவிடும். 2002 வாக்கில் ஐரோப்பாவில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் பிடிபட்டு ஆசிய இறால்கள் பட்டபாட்டில் அதை எல்லோரும் கற்றார்கள். உள்ளூர்ச் சந்தையில் விற்கும் கட்லாவைச் சோதித்துத் திருப்பி அனுப்புபவர் யாரும் இல்லை. அதைத் தின்பது என் ஆத்தாவும் தம்பி பிள்ளைகளும்தான்.

இதையெல்லாம் தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்றரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அப்ப இன்னைக்குக் கடைல கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு சொல்றீங்க" என்றான். அவ்வளவுதான் விசயம்.

இந்தத் தடவை ஆயிரத்து ஐந்நூறு விடவில்லை. எண்ணூறுதான் விட்டிருக்கிறான். குளத்தைக் காயவைத்துச் சுண்ணாம்பு போட்டு, பத்து நாள் சும்மா போட்டுவிட்டுத் தண்ணீர் ஏற்றினான். பக்கத்து வயல் தண்ணீர் வரும் மடையை அடைத்துவிட்டான், அதனால் அந்த வயல்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை. கூட்டுறவு வங்கியில் தவணை இன்னும் பதினெட்டு பாக்கி. மஞ்சள் பொடி டப்பா பாதி காலியாக மாட்டுக் கொட்டகை விட்டத்தில் இருக்கிறதாம். தூக்கிப் போடடா என்றேன்.

"காசு குடுத்து வாங்குனதுங்ணா" என்கிறான்.